வாய்க்கால் மேல் நின்ற வீடு

1

இந்தக் கதையை ஒரு கைபேசிப் படத்திலிருந்து எடுத்தேன்.

பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவி அக்காவை, மகன் ஒரு வீட்டு வேனில் மலைக்குக் கூட்டிப்போய்ச் சில நாள் தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்தான். கட்டில், அடுப்பு, குளிக்க இடம், சன்னலைத் திறந்தால் மேகம், எல்லாம் அந்த வேனுக்குள்ளேயே. அக்கா ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார்கள்: "எல்லா வசதியும் இருந்துச்சும்மா. கூட மருமவளும் இருந்தா."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதினால் பெருநாள் பிரியாணிச் சட்டி என் வாசலுக்கு வராது. அதனால் குடும்பத்தை மாற்றினேன், ஊரைப் பாளையங்கோட்டை ஆக்கினேன், வருடத்தை 1911க்குத் தள்ளினேன். அந்த வருடத்தில் வீட்டு வேன் கிடையாது. மாமியார் உண்டு. கதைக்கு அது போதும்.

2

முதல் தொடக்கம்: "பொதிகையில் பிறந்த தாமிரபரணி வளைந்து நெளிந்து—"

நிறுத்திவிட்டேன். இந்த ஆறு இதுவரை ஒரு கதையிலும் வளையாமல் நெளியாமல் வந்ததில்லை. அதற்கும் ஓய்வு வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: "கெசியாவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் கண்கள்—"

கண்களைப் பற்றி இதற்கு முன் வேண்டிய அளவு எழுதியாயிற்று. இந்தக் கதையில் கெசியாவின் கண்ணைவிட வலது கைதான் முக்கியம்.

மூன்றாவது தொடக்கம், இது நிற்கட்டும்: "பாக்கியசீலன் வாத்தியார் வண்டிக்குக் கதவு வைத்த அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது."

பாக்கியசீலன் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். பொதிகை மலையைக் களிமண்ணில் செய்து, பச்சை வர்ணம் பூசி, அதன் மேல் பிரம்பை வைத்து ஆறு எங்கே பிறக்கிறது என்று வருடாவருடம் காட்டுவார். அந்த இடத்தை நேரில் பார்த்ததில்லை. துரை பங்களாவில் ஒரு சீமைப் பத்திரிகையில் குதிரை இழுக்கும் வீட்டின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நீளமான கூண்டு வண்டியை வாடகைக்குப் பிடித்தார். கூண்டைப் பிரித்துப் பலகைச் சுவர் எழுப்பினார். இரண்டு சன்னல், மடக்குக் கட்டில், பாத்திரத்துக்குப் பரண், பின்பக்கம் தகரத்தட்டின் மேல் ஒரு மண் அடுப்பு. தரையில் பத்தமடைப் பாய். எல்லாம் முடிந்த பிறகு பக்கவாட்டில் ஒரு கதவு வைத்து, கதவுக்கு நாதாங்கியும் வைத்தார்.

கோடை விடுமுறைக்குப் பாவநாசம் மலையடிவாரத்தில் போய் வண்டியிலேயே தங்குவது, அருவி பார்ப்பது, சும்மா இருப்பது. அவரும் மனைவி கெசியாவும் மட்டும். கல்யாணமாகி மூன்று வருடத்தில் பதினோரு பேர் இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பேசி முடித்த பேச்சு ஒன்றுகூடக் கிடையாது.

(இங்கே ஒரு காதல் காட்சி எழுதியிருந்தேன். மூன்றாவது வரியில் ஒரு கொழுந்தன் வந்து உப்பு வைக்கும் மரவையைக் கேட்டுவிட்டான். அடித்துவிட்டேன்.)

3

சாரம்மாள், பாக்கியசீலனின் அம்மா, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏலே பாக்கியம், இது என்னது?"

"வண்டிம்மா."

"கூரை இருக்கு. கதவு இருக்கு. அடுப்பு இருக்கு. இதுக்குப் பேரு வண்டியா?"

"சக்கரம் இருக்குல்லா."

"சக்கரம் கிடக்கட்டும். புது வீட்டுல பிரதிஷ்டை ஜெபம் பண்ணாம எவனாவது ஒரு ராத்திரி படுப்பானால? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா சபையில என்னையில்லா கேப்பாக."

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதத்தைப் பாக்கியசீலன் வாயில் வைக்க நான் அரைமணி நேரம் முயன்றேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் வந்தார்.* கூடவே நாற்பது சொந்தக்காரர்கள் வந்தார்கள். வீட்டுப் பிரதிஷ்டை என்றால் வந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். உள்ளே போனவர்கள் திரும்ப முடியாததால் கதவு வழியாக ஏறி, சன்னல் வழியாக இறங்கினார்கள். ஒரு பெரியப்பா சன்னலில் இறங்க மறுத்துவிட்டதால் கடைசிவரை உள்ளேயே இருந்தார். கருப்பட்டிக் காப்பியை வெளியிலிருந்து நீட்டினார்கள்.

நீண்ட ஜெபத்தின் நடுவில் மாடுகள் இரண்டும் நுகத்தோடு படுத்துவிட்டன. வீடு முன்பக்கம் குனிந்தது. முழங்கால் போடச் சொல்கிறார்கள்போல என்று எல்லாரும் முழங்கால் போட்டார்கள்.

வண்டிக்காரர் காஜா முகைதீன் மேலப்பாளையத்துக்காரர். அன்று முழுக்க மாட்டின் தலையைத் தடவியபடி நின்றவர், சாயங்காலம் பாக்கியசீலனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாத்தியாரய்யா, நான் வண்டி ஓட்டத்தான் ஒத்துக்கிட்டேன். வீடு ஓட்டி எனக்குப் பழக்கமில்ல பாத்துக்கிடுங்க."

அன்றிலிருந்து தன் சொந்த வண்டியில் தண்ணீர்ச் செம்பை எடுப்பதற்குக்கூட அவர் கதவைத் தட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார்.

* ஐயர் என்றால் இங்கே சபைக் குருவானவர். பாளையங்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக.

4

இப்போது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சபை வீடுகளில் ஒரு வழக்கம். சோற்றுக்கு அரிசி அளந்ததும், உலையில் போடும் முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது ஆண்டவருக்கு. கலயம் நிறைந்ததும் அந்தச் சேகரத்து, அதாவது அந்தச் சபை வட்டாரத்து, உபதேசியார் வந்து வாங்கிப்போவார். ஒரு வீட்டுக்கு ஒரு கலயம். எத்தனை மருமகள்கள் அரைத்தாலும் இடித்தாலும் அந்தக் கைப்பிடியைப் போடுகிற கை ஒன்றுதான். யாருடைய கையோ, அவள்தான் வீட்டம்மா.

மூன்று வருடமாகக் கெசியா அரிசியைப் புடைத்தாள், களைந்தாள், வடித்தாள். கைப்பிடி மட்டும் சாரம்மாளுடையது. சமையலுக்கு நடுவில் "அத்தை!" என்று கூப்பிட்டு, அவர் வந்து போட்டுவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அவர் வெளியே யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார்.

பிரதிஷ்டை முடிந்ததும் ஐயர் ஒரு புதுக் கலயத்தை எடுத்து வண்டிப் பரணில் வைத்தார். "இந்த வீட்டம்மா இதைக் குறையில்லாமல் நிரப்பட்டும்" என்று சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் இறங்கினார். (சன்னல் வழியாக.)

கெசியா கலயத்தை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டம்மா! அடுப்பு ஒன்று, கலயம் ஒன்று, கை ஒன்று. மாடு இழுக்கிற வீடாக இருந்தால் என்ன?

அதே வாக்கியம் சாரம்மாளின் காதிலும் விழுந்திருந்தது.

"புது வீட்டுல பெரியவ இல்லாம இருக்கப்படாது. நானும் வாரேன்" என்றார் சாரம்மாள். தலையணையைக் கையோடு எடுத்து வந்திருந்தார்.

5

ஓய்வாகத் தங்கப் போகிறார்கள் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? சேரன்மாதேவி தாண்டி மருத மரங்களுக்குக் கீழே முதல் தங்கல். ஆறு பக்கத்தில். காற்று. எதிரே மலை நீலமாக. எல்லாம் அமைப்பாகத்தான் இருந்தது. யாரும் ஓய்வெடுக்கவில்லை.

காலையில் சாரம்மாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். கெசியா அரிசி அளந்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள். கலயத்தின் அடியில் அரிசி விழுந்த சத்தத்தை அவள்—

(இங்கே உவமை ஒன்று தேடினேன். வேண்டாம். அரிசி விழுந்த சத்தம் அரிசி விழுந்த சத்தம்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது.)

சாரம்மாள் ஈரத்தலையோடு வந்தார். கலயத்துக்குள் பார்த்தார். கெசியா போட்ட அரிசியை அள்ளி உலையில் போட்டார். பிறகு தன் கையால் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டார்.

கெசியா கரைக்குப் போனாள். பாக்கியசீலன் மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"இந்தா பாருங்க. இந்த வீட்டுக்கு நானா, ஒங்க அம்மையா? ஒண்ணு சொல்லுங்க. எதுன்னாலும் கேட்டுக்கிடுதேன்."

"கெசியா, அந்தா தெரியுது பாரு. அஞ்சு தலையா. அதுதான் ஐந்தலைப் பொதிகை."

இந்த மனிதரைக் கதாநாயகனாக வைத்து நான் என்ன செய்வேன்? நல்லவர். குரல் உயர்த்தாதவர். கெசியாவுக்குத் தலைவலி என்றால் சுக்கு அரைப்பார். ஆனால் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் நிற்கவேண்டிய கேள்வி வந்தால் ஒரு மலையின் பெயரைச் சொல்லிவிடுவார். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். அது அவராக இல்லை.

மாமியாரைப் பற்றியும் ஒரு சந்தேகம். முதல் படியில் சாரம்மாளைப் பல்லைக் கடிக்கிறவராக எழுதியிருந்தேன். அந்தக் காகிதத்தைக் கசக்கிவிட்டேன். ஏனென்றால் சாரம்மாளுக்கே அந்தக் கைப்பிடி கிடைத்து நான்கு வருடம்தான் ஆகிறது. அவருடைய மாமியார் படுக்கையில் விழுந்த பிறகும் அரிசியைப் படுக்கைக்குக் கொண்டுவரச் சொல்லி, நடுங்குகிற கையால் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். காத்திருந்து காத்திருந்து கிடைத்ததை ஒரு வண்டிக்குள் வைத்துப் பறிகொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இன்னொன்று: வேறு அடுப்பில் வேறு கை விழுந்தால் மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்றுதான் ஊர் சொல்லும். வண்டி திரும்பி வந்தாலும் அந்தப் பேச்சு திரும்பாது.

ஆகவே இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. எனக்குத்தான் கதை நகரமாட்டேன் என்கிறது.

6

நகர்ந்தது. கோபம் நகர்த்தியது.

அடுத்த வேளை கெசியா, அத்தை எடுத்துவிடுவார் என்று இரண்டு பிடி போட்டாள். சாரம்மாள் அதை எடுக்காமல், மேலே மூன்று பிடி போட்டார். ராத்திரிக்குக் கெசியா நான்கு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் முகத்தில் பக்தியோடு பரணுக்குப் போய்ப் போய் வந்தார்கள். கலயம் நிறைந்து, பக்கத்தில் வைத்த தவலையும் நிறைந்தது. உலையில் விழும் அரிசி குறைந்துகொண்டே போனது. அம்பாசமுத்திரம் வரும்போது பாக்கியசீலன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அதிலும் தண்ணீர்தான் மிகுதி.

"ஊர் மாறினா சோறும் மாறுமோ?" என்று ஒரு தடவை கேட்டார்.

"மலைக்காத்துக்குக் கஞ்சிதான் நல்லது" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

காஜா முகைதீன் தனக்கென்று கொண்டுவந்த அவலைக் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் கொடுத்தார். "வீட்டுக்காரவுகளுக்கு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இதற்கிடையில், ஒரு புது வீட்டில் கலயம் நிறைந்து தவலைக்குப் போயிருக்கிறது, அந்த வீடு மேற்கே வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி வண்டிக்கு முன்னால் போய்விட்டது.

7

பாவநாசத்துக்குச் சற்று முன்னால் ஒரு வாய்க்கால். அதன் மேல் நீளக் கல்பலகைகள் போட்ட சிறு பாலம். பின்சக்கரம்—

(திருத்தம்: மாட்டுவண்டிக்குப் பின்சக்கரம் ஏது? இரண்டே சக்கரம். வேன் படம் இன்னும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.)

இடது சக்கரம் இரண்டு பலகைகளுக்கு நடுவில் இறங்கி மாட்டிக்கொண்டது. மாடுகள் வாய்க்காலுக்குக் கிழக்கே நின்றால் வண்டி— இல்லை, மேற்கே போகிற வண்டியில் மாடு மேற்கேதான் நிற்கும். சரி: மாடும் கட்டிலும் மேற்கே, அடுப்பு கிழக்கே, கதவு நட்டநடுவில், தண்ணீருக்கு நேர் மேலே.

அந்த வாய்க்கால்தான் இரண்டு சேகரங்களுக்கு எல்லை. (எல்லை என் கற்பனை. தேடிக்கொண்டு போகாதீர்கள்.)

கிழக்கிலிருந்து குடை பிடித்தபடி தானியேல் உபதேசியார் வந்தார். மேற்கிலிருந்து சாக்கோடு நேசையா உபதேசியார் வந்தார். கிழக்குச் சேகரம் தானியேலுக்கு, மேற்குச் சேகரம் நேசையாவுக்கு. இருவரும் கதவுக்கு நேரே வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்.

"இந்த வீடு எங்க சேகரம்வே" என்றார் தானியேல். "அடுப்பு கிழக்கால இருக்கு. அடுப்பு எங்கனயோ வீடு அங்கன."

"கட்டில் மேக்கால இருக்குல்லா?" என்றார் நேசையா. "மனுசன் எங்கன தலை சாய்க்கானோ அங்கனதான்வே வீடு."

"ஓஹோ. அதான் உம்ம சேகரத்துல எல்லாரும் தூங்கிக்கிட்டே இருக்காகளாக்கும்."

"உங்காளுக தின்னுக்கிட்டே இருக்கதுக்கு இது தேவல."

காஜா முகைதீன் இடையில் புகுந்தார். "உபதேசியாரய்யா, ஒரு சந்தேகம். மாட்டை அவுத்து மேக்கால கட்டியிருக்கேன். அது திரும்பி நின்னு கிழக்கால சாணி போடுது. அது எந்தச் சபைக்கு?"

இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

கடைசியில் நேசையா உபதேசியார் நியாயமான ஒன்றைச் சொன்னார். "வீட்டம்மா கையால யாருக்குத் தாராவுகளோ அவுக வாங்கிக்கிடட்டும். தகராறு வேண்டாம். வாத்தியாரே, வீட்டம்மா யாரு?"

சாரம்மாள் கதவின் ஒரு பக்கம் நின்றார். கெசியா மறுபக்கம். பரணில் அரிசி. எல்லாரும் பாக்கியசீலனைப் பார்த்தார்கள். பாக்கியசீலன் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கன இருந்து பாத்தா," என்றார் மெதுவாக, "ஐந்தலைப் பொதிகையில மூணு தலைதான்—"

"ஏலே!" என்றார் சாரம்மாள்.

8

இந்த இடத்தில் என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: "கெசியாதான்" என்கிறார். சாரம்மாள் அழுகிறார். கெசியா அவர் காலில் விழுகிறாள். என் வாசகர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்கும்.

இரண்டு: "அம்மாதான்" என்கிறார். மற்றப் பாதிப் பேருக்குப் பிடிக்கும்.

மூன்று: வாய்க்காலில் வெள்ளம் வந்து கலயத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. யாருக்கும் பிடிக்காது, ஆனால் கதை முடிந்துவிடும்.

மூன்றையும் எழுதினேன். மூன்றிலும் பாக்கியசீலன் வாயைத் திறந்து ஒரு பெயர் சொல்லவே இல்லை. நான்தான் அவருக்காகக் கத்தினேன். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

"முதல்ல சக்கரத்தைத் தூக்குங்கய்யா, பொறவு பேசிக்கிடலாம்" என்றார் காஜா முகைதீன். மாட்டைப் பூட்டினார். இரண்டு உபதேசியார்களும், நடுவில் பாக்கியசீலனும் தோள் கொடுத்தார்கள். தானியேல் கிழக்கே தள்ள, நேசையா மேற்கே தள்ள, பாக்கியசீலன் இரண்டு பக்கமும் சேராமல் மேலே தூக்கினார். அதனால்தான் சக்கரம் கிளம்பியது. வண்டி ஒரு குலுக்கலோடு மேற்குக் கரையில் ஏறியது. தூக்கிய மூவரும் தண்ணீரில் உட்கார்ந்தார்கள்.

"எந்தப் பக்கம் ஓட்ட?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார் காஜா முகைதீன். முதல் தடவையாகக் கதவைத் தட்டவில்லை.

"மலைப் பக்கம் ஓட்டும் அண்ணாச்சி" என்றார் சாரம்மாள். "இவன் பதில் யோசிக்கதுக்குள்ள நாம அருவியே பாத்துட்டு வந்துருவோம்."

வண்டி போனது. உள்ளே மாமியாரும் மருமகளும் எதிரெதிரே, பாயில். நடுவில் தவலை.

"என் பேரையாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார் சாரம்மாள்.

"ஆமா அத்தை."

"இல்லன்னா ஒன் பேரையாவது."

"ஆமா அத்தை."

"அஞ்சு தலையாம். மூணு தலையாம். இவனுக்கு ஒரு தலை இல்ல."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்தது. சாரம்மாளுக்கும் வந்தது. வண்டி குலுங்கியதில் சிரிப்பு நிற்கமாட்டேன் என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரம்மாள், மூன்று வருடத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஏட்டி, ஒனக்கு என்னதான் வேணும்? பயப்படாம சொல்லு."

கெசியாவுக்கு நான் ஒரு பணிவான பதில் எழுதி வைத்திருந்தேன். "ஒண்ணும் வேண்டாம் அத்தை" என்று ஆரம்பிக்கும். அவள் அதைத் தொடவில்லை. சிரிப்பு அடங்காத குரலிலேயே, ஆனால் நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"விக்கிரமசிங்கபுரத்துல ஒங்க தங்கச்சி வீடு இருக்குல்லா. அங்கன இறங்கிக்கிடுங்க அத்தை. ஊருக்குத் திரும்புதப்ப நானே வந்து கூட்டிக்கிடுதேன். அது வரைக்கும் இந்த வீட்டுல என் கை."

காஜா முகைதீன் மாட்டை அதட்டுவதை நிறுத்திவிட்டார். வண்டியின் சத்தம்கூடக் குறைந்தது. சாரம்மாளின் வாய் திறந்தது.

அந்த வாயிலிருந்து வந்ததை நான் எழுதப்போவதில்லை. எது எழுதினாலும் நான் ஒரு பக்கம் நின்றதாகிவிடும். நிற்கத் தெரியாத ஒருவரைப் போதுமான அளவு கிண்டல் செய்துவிட்டேன். தங்கச்சி வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. பின்னால், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனைந்த ஒரு மனிதர் சாலையில் ஓடி வருகிறார். எதையோ சொல்லிக்கொண்டே வருகிறார். பெயரா, மலையா, இங்கிருந்து கேட்கவில்லை.

மீதியை நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சாரம்மாள் என்றால், பதில் சொல்லுமுன் கொஞ்சம் சன்னலுக்கு வெளியே பாருங்கள். நீங்கள் கெசியா என்றால், கண்ணைத் தாழ்த்தாதீர்கள். ஓடி வருகிறவர் நீங்கள் என்றால், இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடுங்கள்.